தட்டு பிடித்தவள் எடுத்த படங்கள்: செங்கல்பட்டிலும் மாமல்லபுரம் கடற்கரையிலும்

பொடிசு, நீ ஒத்துக்கொண்ட செங்கல்பட்டு வேலையை நான் போய் முடித்துவிட்டு வந்துவிட்டேன். நீ எழுதுவது போலவே இதையும் உன் பக்கத்தில் எழுதிப் போடுகிறேன். தப்பு இருந்தால் திருத்த நீ இல்லை. இருக்கிறபடியே போகட்டும்.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் தங்கையைத் தெரியும். வெளியூருக்குப் படம் எடுக்கப் போய்வந்த பிறகு, எங்கே தங்கலாம், எந்த நேரத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கும், வண்டிக்கு எவ்வளவு ஆகும் என்றெல்லாம் எழுதிவந்தவள். வீட்டில் அவளுக்குப் பொடிசு என்று பெயர். பெயர்தான் பொடிசு, என்னைவிட ஒரு தலை உயரம். அவள் எழுதியதில் 'அக்கா தட்டு பிடித்தாள்' என்று அங்கங்கே ஒரு வரி வரும். அந்த அக்கா நான். தட்டு என்றால் ரிஃப்ளெக்டர். மடக்கி விரிக்கிற வட்டத் துணி, ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் தங்க நிறம். வெயிலை வாங்கி முகத்தில் திருப்பி விடுவதற்கு. போன ஆடியில் காய்ச்சல் என்று படுத்த பொடிசு எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி இவ்வளவுதான் எழுத முடிகிறது.

நான் எட்டாவதோடு நின்றவள். போனில் தட்டித் தட்டி இதை எழுத நான்கு நாள் ஆனது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

செங்கல்பட்டில் ஸ்டெல்லா என்று ஒருவர். வீட்டு மாடியில் தையல் மிஷின் போட்டு, கவுன், ஆரி வேலை செய்த ரவிக்கை எல்லாம் தைத்து விற்கிறார். சென்னையிலிருந்து மாடல் யாரும் வேண்டாம், தைக்கிற பெண்ணும் சொந்தக்காரப் பெண்ணுமே உடுத்திக்கொள்ளட்டும், ஒரு நாள் வீட்டில் முகம் தெரிகிற மாதிரி, ஒரு நாள் கடற்கரையில் உடுப்பு தெரிகிற மாதிரி எடுத்துக்கொடுங்கள் என்று பொடிசிடம் பேசியிருந்தார். மழை முடியட்டும் என்று தை மாதத்துக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். மார்கழியில் அவர் போன் செய்தபோது நான்தான் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். எப்போது, எப்படி என்று விசாரித்தார். பிறகு, "நீ எடுப்பியாம்மா?" என்றார். எடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

எங்கள் ஊர் வத்தலக்குண்டு. அங்கே ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர், பொடிசின் கேமராவையும் இரண்டு லென்ஸையும் விலைக்குக் கேட்டிருந்தார். நல்ல மனிதர், நச்சரிக்கவில்லை. அவரிடம், "செங்கல்பட்டு போய்ட்டு வர்றேண்ணே. என்னால முடியலைன்னா திங்கக்கிழமை வந்து எடுத்துக்கங்க. முடிஞ்சா குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். வீட்டில் மூடி வைத்து அழகு பார்க்கிற பொருள் இல்லை அது. வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் வேலை செய்கிறவர் கைக்குப் போக வேண்டும். பொடிசும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, பஸ்ஸில் திண்டுக்கல். அங்கிருந்து சென்னை போகிற பகல் ரயில். இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து போக 160 ரூபாய், சுமார் 370 கிலோமீட்டர். மதியம் ஒரு மணி தாண்டி செங்கல்பட்டில் இறங்கினேன். கேமராப் பையை மேலே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததில் கால் மரத்துப்போய்விட்டது. நீங்களும் மேலே வைக்காதீர்கள், ஆனால் நடுவில் ஒரு தடவை எழுந்து நில்லுங்கள். ரயிலடியை ஒட்டியே கொளவாய் ஏரி. இத்தனை தண்ணீரைப் பார்த்ததும் தட்டு இல்லாமலேயே இங்கே படம் எடுக்கலாமே என்று தோன்றியது. அப்படித் தோன்றியது எனக்கே புதிதாக இருந்தது. வழக்கமாக அவள் சொல்வாள், நான் ம் கொட்டுவேன்.

பேருந்து நிலையம் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினேன். ஏசி அறை ஒரு நாளைக்கு 1,400, ஏசி இல்லாதது 900. நான் ஏசி எடுத்தேன். அதில் ஒரு சங்கதி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஸ்டெல்லா அக்கா வீடு. லாட்ஜிலிருந்து நான்கு கிலோமீட்டர், ஆட்டோ 120 ரூபாய். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் அளவு நாடா.

"வாம்மா. இன்னா இவ்ளோ சின்ன ஆளா கீற? போன்ல கேட்டா பெரிய மேடம் மாரி இருந்துச்சு. நாஸ்தா ஆச்சா?"

ஆச்சு என்று சொன்னதை அவர் நம்பவில்லை. இரண்டு இட்லி சாப்பிட வைத்துத்தான் மாடிக்கு விட்டார்.

மாடியில் தையல் வேலை செய்யும் வசந்தியும், ஸ்டெல்லா அக்காவின் தங்கை மகள் ஜெனியும் இருந்தார்கள். ஜெனிக்குச் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தாள். முகத்துக்குப் பவுடர் போடும்போதே தூங்கி விழுந்தாள்.

கிழக்கே பெரிய ஜன்னல். வெளிச்சம் அருமை. வெள்ளை வேட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி ஜன்னலில் கட்டினேன், வெயில் மெத்தென்று ஆகிவிட்டது. அது வரைக்கும் எல்லாம் சரி. படம் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, இந்த வேலையில் பாதிதான் எனக்குத் தெரியும் என்று.

எங்கள் இரண்டு பேர் வேலையும் எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டும். பொடிசு ஸ்டாண்டில் கேமராவை வைத்து அளவு பார்ப்பாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய், எதிரே நிற்கிற பெண்ணுக்குப் பக்கத்தில் மண்டியிடுவேன். வெளிச்சம் பார்ப்பதற்கு முதல் படத்தை என் முகத்தை வைத்து எடுப்பாள், உடனே அழித்துவிடுவாள். பிறகு நான் பேச்சுக் கொடுப்பேன். உங்க மாமியார் எந்த ஊரு, இந்தக் கம்மல் எங்க வாங்கினது, உங்க வீட்டுக்காரர் குறட்டை விடுவாரா, இப்படி எதையாவது. அந்தப் பெண் தன்னை மறந்து சிரிக்கிற நேரத்தில் பொடிசு அமுக்குவாள். பேசுவது என் வேலை, பார்ப்பது அவள் வேலை. வயசுக்கு வந்த பிள்ளைகள், கல்யாணப் பெண்கள், அறுபதாம் கல்யாணத்துப் பாட்டிமார் என்று எத்தனையோ பேரை இப்படித்தான் எடுத்தோம்.

இப்போது கேமராவுக்குள் கண்ணை வைத்தால் என் வாய் மூடிக்கொள்கிறது. வாயைத் திறந்தால் விரல் நின்றுவிடுகிறது. பேசி, வசந்தி சிரித்து, நான் குனிந்து பார்ப்பதற்குள் அந்தச் சிரிப்பு போய்விடுகிறது. மறுபடி பேசினால், மறுபடி அதே கதை. மதியம் இரண்டு மணி வரை எடுத்தேன்.

ஸ்டெல்லா அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேமராவின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கோச்சிக்காத. துணி சூப்பரா வந்துகீது. ஒவ்வொரு மணியும் தெரியுது. மூஞ்சிதான் ரேஷன் கார்டு போட்டோ மாரி கீது."

"பெரிம்மா, சும்மா இரேன்" என்றாள் ஜெனி.

"இன்னாடி சும்மா இரு? உன்னப் பாரு, யாரோ அடிச்சி இட்டாந்த மாரி நிக்கிற. இத போட்டா எவ வாங்குவா?"

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது உண்மை. "நாளைக்குச் சரியா எடுத்துடுறேங்கக்கா" என்றேன். சொல்லும்போதே திங்கட்கிழமை ஸ்டூடியோக்காரர் வந்து பையை வாங்கிக்கொண்டு போகிற மாதிரி கண்ணில் வந்தது. சாயங்காலம் கொளவாய் ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வந்தேன். ஒரு படம்கூட எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு வேன். மதியம் வரைக்கும் 2,200 ரூபாய், டீசல் சேர்த்து. ஓட்டுநர் ஏழுமலை. வண்டியில் ஏறியதிலிருந்து இறங்கும் வரை வாய் ஓயாத மனிதர். திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர், ஐம்பது நிமிடத்தில் மாமல்லபுரம்.

வேனை விட்டு இறங்கி கேமராவை எடுத்தால், லென்ஸ் முழுக்கப் பனி மூடினது போல வெள்ளை. இரவெல்லாம் ஏசியில் குளிர்ந்திருந்த கண்ணாடி, கடல் காற்றுப் பட்டதும் வியர்த்துவிட்டது. இதுதான் அந்த ஏசி சங்கதி. துடைத்தால் மறுபடி படியும், சும்மா விட்டுவிட வேண்டும். அரை மணி நேரம் வீணாகப் போனது. ஏசி அறையில் தங்கினால், பையை இறுக்க மூடி, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

கடற்கரைக் கோயில் வேலிக்கு உள்ளே எடுக்கலாம் என்றுதான் முதலில் போனோம். காவலாளி ஸ்டாண்டைப் பார்த்ததும் தடுத்துவிட்டார். "கையில வெச்சி எடுத்துக்க. ஸ்டாண்டுக்கு பர்மிஷன் வாங்கினு வாம்மா." அவர் மேல் தப்பில்லை, முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். ஏழுமலை, "அக்கா, கோயில் எங்கயும் ஓடாது. வா, நம்ம ஆளுங்க குப்பத்துக்குப் போலாம், சோக்கா இருக்கும்" என்று தெற்கே மூன்று கிலோமீட்டரில் ஒரு மீனவர் குப்பத்துக்கு அழைத்துப்போனார்.

மணலில் படகுகள் ஏற்றி வைத்திருந்தார்கள். நீலம், சிவப்பு, மஞ்சள். வலையில் நண்டு பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், படகுக்குப் பக்கத்தில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தலையைத் தூக்கி ஜெனியின் பச்சைக் கவுனை மேலிருந்து கீழே வரை பார்த்தார்.

"எடுத்துக்க. ஆனா செருப்போட படகு மேல ஏறிடாத. எங்களுக்கு அது சாமி."

ஜெனி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அந்தக் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்துதான் எழும்புகிறது. காலையில் கடலைப் பின்னால் வைத்து எடுத்தால் கவுனின் ஓரமெல்லாம் தகதகக்கும், முகம் இருண்டுபோகும். ஸ்டாண்டை நட்டேன். மூன்று காலும் மணலில் நன்றாக இறங்கும் வரை அழுத்தினேன். கவுன் விரிந்து கிடப்பது முழுக்கத் தெரிகிற மாதிரி அகலமாக வைத்தேன். பார்த்தேன், முகம் இருட்டு. தட்டு வேண்டும்.

பையைத் திறந்து தட்டை எடுத்தேன். விரித்தேன். போய் ஜெனிக்கு இடப்பக்கம் மண்டியிட்டேன். வெயிலைப் பிடித்துக் கொஞ்சம் சாய்த்ததும் அவள் கன்னத்தில் போய் உட்கார்ந்தது. காற்று தட்டைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது, முழங்காலால் அழுத்திக்கொண்டேன். பிறகு கேமராப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தேன். பொடிசு 'ம்' என்பாள். 'ம்' என்றதும் தட்டைத் தங்கப் பக்கம் திருப்ப வேண்டும். எப்போதும் அப்படித்தான். கை வலித்தது. இன்னும் 'ம்' வரவில்லையே, இவ்வளவு நேரம் என்ன பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"யக்கா!" ஏழுமலைதான் கத்தினார். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். "கேமராவாண்ட ஆளையே காணோம். இன்னா, அதுவா எடுத்துக்குமா?"

வசந்தி முதலில் சிரித்தாள். ஜெனிக்கு அடக்க முடியவில்லை, கவுனைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. முழங்கால் மணலில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

ஸ்டெல்லா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, என் கையிலிருந்து தட்டை வாங்கினார்.

"இத நான் புடிக்கறேன். நீ அங்க போய் நில்லு."

"உங்களுக்குக் கை வலிக்கும்க்கா."

"வலிச்சா வலிக்கட்டும். போ, வெயில் ஏறிகினு கீது."

போய் நின்றேன். அவர் மணலில் உட்கார்ந்த வேகத்தில், "யப்பா, முட்டி போச்சே" என்று அலறினார்.

"யக்கா, பாத்து. பள்ளம் வுழுந்துடப் போவுது. அப்பறம் குப்பத்து ஆளுங்க நம்மள வுட மாட்டாங்க" என்றார் ஏழுமலை.

"மொதல்ல உன் வண்டி சீட்ல கீற பள்ளத்த பாருடா. ஒக்காந்து வந்ததுல இடுப்பு கயண்டுகிச்சி."

"அது வண்டி இல்லக்கா, உன் வெயிட்டு!"

ஜெனி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அமுக்கினேன். பெரியம்மாவைப் பார்த்துத் திரும்பினாள். அமுக்கினேன். தட்டு கொஞ்சம் தள்ளிப் போனபோது, "அக்கா, வலப்பக்கம் தூக்குங்க, இன்னும், ம்" என்றேன். அந்த 'ம்' என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நிறுத்தவில்லை. அவர்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை, பார்த்தால் போதும்.

எட்டரை மணி வரைக்கும் எடுத்தோம். எல்லாம் நன்றாக வந்ததென்று சொல்ல மாட்டேன். வசந்தியின் ரோஸ் நிறக் கவுனை ஒரு அலை இடுப்பு வரைக்கும் நனைத்துவிட்டது, பாதிப் படத்தில் ஈரம் தெரிகிறது. லென்ஸில் உப்புத் தூறல் விழுந்ததைக் கவனிக்காமல் பத்துப் பன்னிரண்டு படம் கெட்டது. திரும்பும் வழியில் வேனிலேயே ஸ்டெல்லா அக்கா பார்த்தார். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். பிறகு ஜெனியின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"இவ அம்மா சாயல் இவளுக்குக் கீதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது." கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நேத்து எடுத்த வூட்டுப் படமும் திருப்பி எடுக்கணும். சித்திரைல வா. நானே தட்டு புடிக்கறேன், அவனையும் இட்டாறேன், பேஜாரு புடிச்சவன்" என்றார்.

"எனக்குத் தனி டப்பு" என்றார் ஏழுமலை.

மதியம் 2.45-க்கு ரயில். மேல்மருவத்தூர் தாண்டியதும் படங்களை முதலிலிருந்து பார்த்தேன். கடற்கரையில் எடுத்ததில் முதல் படம் நான் எடுத்ததில்லை. அதில் நான் இருந்தேன்.

ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் பக்கத்திலிருந்த ஏழுமலையிடம் கேட்டார். பதில் எனக்கே கேட்டது. "சும்மா அமுக்கிப் பாத்தேன்க்கா. கடல் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, எடுக்கலன்னு நெனச்சேன். தப்பா? அழிச்சிடச் சொல்லு."

இனி, போகிறவர்களுக்கு. தை, மாசி நல்ல மாதங்கள். காலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் மணல் வெயிலைத் திருப்பி அடிக்கிறது. கடல் பின்னால் தெரிய, தட்டும் இல்லாமல் முகம் தெளிவாக வேண்டுமென்றால் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் போங்கள், அப்போது வெயில் முன்னால் இருந்து விழும். மணலில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள், வேனுக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றுங்கள். பழைய பருத்தித் துணி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று உப்பு துடைக்க, ஒன்று முகம் துடைக்க. குப்பத்தில் கேட்காமல் எடுக்காதீர்கள், கேட்டால் யாரும் மறுக்கவில்லை. உடுத்தி நிற்கிற பெண்கள் மாற்றிக்கொள்ள இடம் வேண்டும். வேன் ஜன்னலுக்கு நான்கு சேலை கொண்டுபோனோம், அது போதுமானதாக இருந்தது. ரயில், தங்குவது, ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு 4,300 ரூபாய் ஆனது, வேன் ஸ்டெல்லா அக்கா பொறுப்பு.

முக்கியமான ஒன்று. தனியாகப் போகாதீர்கள். கேமராவைத் தூக்குகிறவர் ஒருவர் போதும் என்று நினைக்கிறோம். எதிரே நிற்கிறவரைச் சிரிக்க வைக்க ஓர் ஆள், வெயிலைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. கூட வருகிறவர் வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

திங்கட்கிழமை காலை ஸ்டூடியோக்காரர் வந்தார். காபி கொடுத்துவிட்டு, ஜெனியின் படங்களைப் போனில் காட்டினேன். பார்த்தார். "அப்ப சரிம்மா" என்று காபியைக் குடித்துவிட்டுப் போனார். பை பீரோவுக்குப் பக்கத்தில், நீ வைக்கிற இடத்திலேயே இருக்கிறது, பொடிசு. வெள்ளிக்கிழமை நிலக்கோட்டையில் ஒரு வளைகாப்புக்குப் போகிறேன்.

அந்த முதல் படத்தை மட்டும் நான் அழிக்கவில்லை. ஜெனி நடுவில் நிற்கிறாள், படத்தின் ஓரத்தில் நான் மண்டியிட்டிருக்கிறேன். தட்டு என் நெஞ்சு வரைக்கும் இருக்கிறது. நான் கேமராவைப் பார்க்கவில்லை, அதற்குக் கொஞ்சம் மேலே, உன் முகம் இருக்கிற உயரத்தில் பார்க்கிறேன். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. சோர்வு இல்லை, துக்கம் இல்லை, இதோ இப்போது சொல்லப்போகிறாள் என்று காத்திருக்கிற முகம். வீட்டுக் கண்ணாடியில் இந்த முகத்தை நான் பார்த்ததே கிடையாது. கல்யாணப் படத்தில்கூட இல்லை. ஒவ்வொரு வேலையிலும் முதலில் என்னைத்தான் எடுத்தாய், எடுத்ததும் அழித்தாய். ஒன்றைக்கூட நான் கேட்டுப் பார்த்ததில்லை.

பொடிசு, தினமும் நீ பார்த்தது இந்த முகத்தைத்தானா?